உங்கள் பெட்ரோல் சீட்டும் வரிச் சீட்டுதான்

நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியிலிருந்து (மலைக் கிராமம்) 47 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் மூன்று வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். ஒன்றேகால் ஏக்கர் தேயிலைத் தோட்டமும், குன்னூரில் கல்லூரி படிக்கும் மகளும் இவர் பொறுப்பில். கடிதத்தின் சுருக்கம் இது:

“2025 பிப்ரவரியில் பட்ஜெட் வந்த அன்று என் கொழுந்தனார் பெங்களூரிலிருந்து போன் செய்து, 12 லட்சம் வரை இனி வரியே இல்லை என்று சந்தோஷப்பட்டார். அவருக்கு வருடச் சம்பளம் பன்னிரண்டரை லட்சம். எனக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ‘அண்ணி, நீங்க வரியே கட்டறதில்ல. விவசாயிக்கு வரி கிடையாது. வருஷம் 6,000 ரூபாய் பி.எம். கிசான் பணம் வேற வாங்கறீங்க. வரி கட்டறவங்கதான் பட்ஜெட்டைப் பத்திக் கேக்கணும்’ என்றார். அன்றிலிருந்து அது மனதில் முள்ளாக இருக்கிறது. நான் வரி கட்டாதவளா? என் ஒரு மாதத்துச் செலவுக் கணக்கையும் கடைச் சீட்டுகளையும் இணைத்திருக்கிறேன். இன்னொன்று, கணவரின் பி.எஃப்., காப்பீட்டுப் பணம் 8 லட்சத்தை வங்கியில் போட்டு வைத்திருக்கிறேன். போன வருடம் வட்டியில் 5,600 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அது திரும்பக் கிடைக்குமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே முதல் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. வங்கி பிடித்த அந்த 5,600 ரூபாய் வருமான வரிதான். உங்கள் பான் எண்ணின் பெயரில் மத்திய அரசின் கணக்கில் அது ஏறியிருக்கிறது. 2024-25 நிதியாண்டில் நீங்கள் கட்டவே வேண்டாத வரியைக் கட்டியிருக்கிறீர்கள். அதைத் திரும்ப வாங்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் சீட்டுகளுக்கு வருவோம். இரண்டு மாலை உட்கார்ந்து அவற்றைக் கூட்டிப் பார்த்தேன்.

பெட்ரோலில் இருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் பெரிது. ஸ்கூட்டருக்கு மாதம் 12 லிட்டர் போடுகிறீர்கள். 2025 ஏப்ரலில் 2 ரூபாய் கூட்டிய பிறகு, ஒரு லிட்டரில் மத்திய அரசின் கலால் வரி 21 ரூபாய் 90 பைசா ஆனது. அதற்கு மேல் தமிழ்நாடு அரசின் வாட் வரி 13 சதவீதமும், லிட்டருக்கு 11 ரூபாய் 52 பைசாவும் சேர்கிறது. நம் மலையில் பெட்ரோல் விற்கும் விலைக்கு அதுவும் 22 ரூபாய்ப் பக்கம் வருகிறது. ஆக, லிட்டருக்கு ஏறக்குறைய 44 ரூபாய் வரி. வருடத்துக்கு 144 லிட்டர் என்றால் 6,300 ரூபாய். வண்டியை நிறுத்திவிட்டு நூறு ரூபாய்க்குப் போடச் சொல்கிறீர்களே, அதில் நாற்பதுக்கும் மேல் வரி. பங்க் சீட்டில் அது தனியாக அச்சாவதில்லை. அதனால்தான் நீங்கள் கட்டுவது உங்கள் கண்ணுக்கும் தெரிவதில்லை, கொழுந்தனார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

அப்புறம் ரீசார்ஜ். உங்களுக்கும் மகளுக்கும் தலா 299 ரூபாய். இதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளே இருக்கிறது, ஒவ்வொன்றிலும் 45 ரூபாய் 60 பைசா. டி.டி.எச். 250 ரூபாயில் 38 ரூபாய். கேஸ் சிலிண்டருக்கு 5 சதவீதம், 40 ரூபாய்ப் பக்கம். மளிகைக் கடையில் வாங்கிய எண்ணெய், சர்க்கரை, மசாலா, சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய்க்கு 5 சதவீதக் கணக்கில் 86 ரூபாய். துணிப் பவுடரும் இன்னும் சில சாமான்களும் 18 சதவீதத்தில் இருக்கின்றன, அதில் 46 ரூபாய். சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் 2025 செப்டம்பர் 22க்கு முன்பு 18 சதவீதத்தில் இருந்தவை என்பதை மறக்க வேண்டாம். நான் இப்போதைய குறைந்த விகிதத்தில்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். போன வருடம் நீங்கள் கட்டியது இதைவிட அதிகம்.

உங்கள் மளிகைச் சீட்டில் ‘அரிசி 26 கி.’ என்று இருந்தது. ஏன் 25 இல்லை, 26 என்று எப்போதாவது யோசித்தீர்களா? 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் கட்டி லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 25 கிலோவைத் தாண்டினால் வரி கிடையாது. அதனால் ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டி 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தார்கள். மொத்தமாக ஒரு மூட்டை வாங்கக் கையில் காசு இருப்பவருக்கு அரிசிக்கு வரி இல்லை. வாரக்கூலி வாங்கி 5 கிலோ பையாக வாங்குபவருக்கு வரி உண்டு. இந்த ஒரு விஷயம் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. வரி நியாயம் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் இந்த மூட்டையைத்தான் காட்டுவேன்.

தோட்டத்துக்கு வருவோம். நீங்கள் விற்கும் பசுந்தேயிலைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கேட்க நல்ல செய்தி போலத்தான் இருக்கும். ஆனால் தோட்டத்துக்குப் போட்ட உரத்தில் 5 சதவீதம் வரி இருக்கிறது. மழைக்காலத்தில் இலையில் வரும் கொப்புள நோய்க்கு அடித்த மருந்தில் 18 சதவீதம். தொழிற்சாலைக்காரர் தன் செலவில் கட்டும் வரியை, தேயிலைத் தூள் விற்கும்போது வசூலிக்கும் 5 சதவீதத்தில் கழித்துக்கொள்வார். உங்களால் அது முடியாது. விற்கும் பொருளுக்கு வரி இல்லை என்றால், வாங்கும் பொருளில் கட்டியதைத் திரும்பக் கேட்க வழியில்லை என்பதுதான் ஜி.எஸ்.டி. சட்டம். அது உங்கள் அடக்கவிலையோடு அடக்கம். வருடத்துக்கு உரம் 15,000, மருந்து 2,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் வரி 1,019 ரூபாய். பண்டிகைத் துணிமணி, கம்பூட்ஸ் எல்லாம் 6,000 ரூபாய்க்கு இன்னொரு 286. கடைசியில் உங்கள் தோட்டத்து இலையே தூளாகிப் பாக்கெட்டில் திரும்பி வரும்போது, அதற்கும் 5 சதவீதம் கொடுத்துத்தான் காலையில் டீ போடுகிறீர்கள்.

எல்லாம் கூட்டினால் வருடத்துக்கு 11,250 ரூபாய்ப் பக்கம் வருகிறது. கூலி, உரம் போகத் தோட்டத்தில் மிஞ்சுவது 1,24,000. வங்கி வட்டி 56,000. மொத்தம் 1,80,000. அதில் ஆறேகால் சதவீதம் வரியாகப் போயிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் லாரியின் டீசலுக்கு, அதே 2025 ஏப்ரல் கணக்கில், லிட்டருக்கு 17 ரூபாய் 80 பைசா கலால் வரி. அது லாரி வாடகையில் ஏறி, வாடகை நீங்கள் வாங்கும் பருப்பின் விலையில் ஏறுகிறது. அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இப்போது கொழுந்தனார் கணக்கு. சம்பளம் பன்னிரண்டரை லட்சம். சம்பளக்காரர்களுக்கு உள்ள நிலைக்கழிவு 75,000 போக 11,75,000. வருமான வரியின் புதிய முறையில் 87ஏ பிரிவின் தள்ளுபடி சேர்ந்து 2025-26இல் அவருக்கு வருமான வரி பூஜ்யம். இதே சம்பளத்துக்கு 2024-25இல் புதிய முறையில், செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 79,300 ரூபாய். அவருக்கு இந்த பட்ஜெட்டில் மிச்சமான தொகை, உங்கள் தோட்டம் ஏழரை மாதத்துக்குமேல் உழைத்துத் தரும் பணம். கடையில் அவர் கட்டும் வரி உங்களைப்போல நான்கு மடங்கு, 45,000 என்றே வைத்துக்கொண்டாலும் அவர் வருமானத்தில் அது 3.6 சதவீதம்தான். தொகையில் அவர் அதிகம் கட்டுகிறார், அதில் சந்தேகமில்லை. வருமானத்தில் எந்தப் பங்கு போகிறது என்று பார்த்தால் உங்களுடையதுதான் அதிகம். காரணம் எளிது. அவர் சம்பளத்தில் ஒரு பகுதி சேமிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் போகிறது, அங்கே ஜி.எஸ்.டி. தொடாது. உங்களுக்கு வருவது அப்படியே கடைக்கும் தோட்டத்துக்கும் போய்விடுகிறது.

அவர்மேல் கோபப்படச் சொல்லி இதை எழுதவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு வரி கையில் வருவதற்கு முன்பே பிடிக்கப்படுகிறது. மறைக்க வழியில்லை, தள்ளிப்போடவும் வழியில்லை. இத்தனை வருடம் அப்படிக் கட்டியவர், ஒரு வருடம் விட்டுக்கொடுத்ததும் சந்தோஷப்படுவது இயல்பு. அந்தச் சலுகையும் தேவைதான் என்பது என் கருத்து. ‘வரி கட்டுபவன்’ என்ற பெயரை வருமான வரி கட்டுபவர்களுக்கு மட்டும் எழுதி வைத்துவிட்டதில்தான் தவறு இருக்கிறது.

பட்ஜெட் ஆவணங்களிலேயே ‘ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது’ என்று ஒரு படம் போடுவார்கள். 2025-26க்கான படத்தில் தனிநபர் வருமான வரி 22 பைசா, கம்பெனிகளின் வரி 17 பைசா. ஜி.எஸ்.டி. உள்ளிட்டவை 18, கலால் 5, சுங்கம் 4, இந்த மூன்றும் சேர்ந்து 27 பைசா. மிச்சத்தில் பெரும்பகுதி கடன், 24 பைசா. அதாவது உங்களைப்போன்றவர்கள் கடையிலும் பங்க்கிலும் சேர்ந்து கட்டும் வகை வரி, வருமான வரியைவிட அதிகம். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று படித்தவர் நம் கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். அன்றிலிருந்து இன்றுவரை எல்லா பட்ஜெட்டிலும் இந்தக் கைகளின் பணம் இருக்கிறது.

கிசான் பணத்தைச் சொல்லிக்காட்டினார் என்று எழுதியிருந்தீர்கள். அதையும் பார்த்துவிடுவோம். நீங்கள் கட்டிய 11,250இல் வாட் வரியும் ஜி.எஸ்.டி.யில் பாதியும் மாநில அரசுக்கு. மத்திய அரசுக்குப் போனது 5,600 ரூபாய்ப் பக்கம். அங்கிருந்து மூன்று தவணையாக உங்களுக்கு வந்தது 6,000. ஆக, பெரும்பாலும் நீங்கள் கொடுத்ததுதான் உங்களுக்குத் திரும்பியிருக்கிறது. வங்கி பிடித்த 5,600ஐயும் சேர்த்தால், நீங்கள் வாங்கியதைவிடக் கொடுத்தது அதிகம். யூரியாவுக்கு அரசு மானியம் தருகிறது, ரேஷன் அரிசி வருகிறது, அவற்றையும் சொல்லாமல் விடுவது சரியாகாது. அவற்றை வாங்குவதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

அடுத்து, ‘விவசாயிக்கு வரி கிடையாது’ என்ற பேச்சு. சட்டப்படி உண்மைதான், பசுந்தேயிலை விற்ற பணம் முழுக்க விவசாய வருமானம், மத்திய அரசு அதற்கு வருமான வரி போட முடியாது. ஆனால் நாளைக்கே அந்தச் சலுகையை எடுத்துவிட்டாலும் உங்களுக்கு ஒரு ரூபாய் வரி வராது. உங்கள் மொத்த வருமானமே 1,80,000. புதிய முறையில் 4 லட்சம் வரை யாருக்குமே வரி இல்லை. அந்தச் சலுகையால் உண்மையில் பயன் பெறுவது அதற்கு மேலே இருப்பவர்கள். இலையைத் தானே வளர்த்து, சொந்தத் தொழிற்சாலையில் தூளாக்கும் எஸ்டேட் கம்பெனிக்கு, வருமான வரி விதிகளின்படி லாபத்தில் 60 சதவீதம் விவசாய வருமானம். மத்திய அரசின் வரி மீதி 40 சதவீதத்துக்கு மட்டும்தான். பெரிய விவசாய வருமானத்துக்கு வரி வேண்டும் என்ற பேச்சு புதிதல்ல. 1972இல் கே.என். ராஜ் குழு இதை ஆராய்ந்து, வேறு வருமானமும் உள்ளவர்களின் விவசாய வருமானத்தை விகிதம் நிர்ணயிக்கவாவது சேர்த்துப் பார்க்கச் சொன்னது. அது மட்டும் நடைமுறைக்கு வந்தது. மற்றதற்கு மாநிலங்கள்தான் சட்டம் போட வேண்டும். சிறு விவசாயியின் பெயரைச் சொல்லிப் பெரியவர்களின் வருமானம் வரியிலிருந்து தப்புவதும், அதற்கான பேச்சை உங்களைப்போன்றவர்கள் கேட்க வேண்டியிருப்பதும் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

மேலே இருப்பவர்களுக்கு என்ன நடந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 1957இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது வந்த சொத்து வரி 2015 பட்ஜெட்டில் ரத்தானது. அதில் வசூல் வருடத்துக்கு ஆயிரம் கோடிதான், வசூலிக்கும் செலவும் தொல்லையும் அதிகம் என்று அரசு சொன்னது. அதற்குப் பதில் ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குக் கூடுதல் தீர்வையாக (வரிக்கு மேல் போடும் சர்சார்ஜ்) 2 சதவீதம் போட்டார்கள். நியாயமான பதில்தான் என்று அப்போது நானும் நினைத்தேன். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் அடிப்படை வரி 30இலிருந்து 22 சதவீதமானது. 2023இல் மிகப்பெரிய வருமானக்காரர்களின் கூடுதல் தீர்வை, புதிய முறையில் 37இலிருந்து 25 சதவீதமாக இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார்கள். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, இறக்கம் மேலே இருப்பவர்களுக்குச் சீக்கிரம் வந்தது, பங்க்கில் நிற்கும் உங்களுக்கு அப்படி வரவில்லை என்பது தெளிவாகத் தெரிகிறது.

பெட்ரோல் வரியில் இன்னொரு அநியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு 2025 ஏப்ரல் முதல் எடுத்த 21.90இல் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைக் கலால் வரி வெறும் 1 ரூபாய் 40 பைசா. மீதி 20 ரூபாய் 50 பைசா செஸ், சிறப்புக் கலால் என்ற பெயர்களில் இருப்பதால் பங்கு கிடையாது. மத்திய வரியில் மாநிலங்களின் பங்கைச் சொல்லும் 15ஆவது நிதிக்குழுவின் கணக்குப்படி, 2025-26 வரை, அந்த 1.40இல் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும், அதில் 4.079 சதவீதம் தமிழ்நாட்டுக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், லிட்டருக்குச் சுமார் 2.3 பைசாதான் வருகிறது. செஸ் பணத்தில் சாலை போடுகிறார்கள், உண்மைதான். ஆனால் உங்கள் ஹட்டியிலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் பாதையை மழைக்குப் பிறகு சீர்செய்ய வேண்டியது பஞ்சாயத்தும் மாநில அரசும். அவர்களிடம் காசு இல்லை என்று கேட்கும்போது, உங்கள் பெட்ரோல் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், சோப்புக்கும் கம்பூட்ஸுக்கும் 2025 செப்டம்பரில் செய்த வரிக் குறைப்பை முதலில் பெட்ரோல், டீசலுக்குச் செய்திருக்க வேண்டும். அடுத்தது, சிறு தேயிலை விவசாயி வாங்கும் மருந்துக்கு 18 சதவீதம் என்பதை மற்ற விவசாயச் சாமான்களைப்போல 5க்குக் கொண்டுவர வேண்டும். அரிசிப் பையின் எடையைப் பார்த்து வரி போடுவதை நிறுத்த வேண்டும்.

சரி, உங்கள் 5,600 ரூபாய். 2024-25 நிதியாண்டில் வட்டி 40,000ஐத் தாண்டியதால் வங்கி 10 சதவீதத்தை முன்கூட்டியே வரியாக (டி.டி.எஸ்.) பிடித்திருக்கிறது. வட்டி 56,000 மட்டும்தான் உங்களின் வரிக்குரிய வருமானம், அதனால் வரி ஏதும் இல்லை. முழுத்தொகையும் உங்களுடையது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும். உரிய தேதி 2025 செப்டம்பரில் முடிந்துவிட்டது, ஆனாலும் 2025 டிசம்பர் 31 வரை தாமதமாகத் தாக்கல் செய்யலாம். உங்கள் வருமானம் அடிப்படை வரம்புக்குக் கீழே இருப்பதால் தாமதக் கட்டணம் கிடையாது. யாராவது ஆயிரம் ரூபாய் அபராதம் என்று சொன்னால் கொடுக்காதீர்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நெட் சென்டரில் கொடுத்தால் பெரும்பாலும் ஐ.டி.ஆர்.-1 படிவத்தில் போட்டுவிடுவார்கள். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் அந்தப் படிவம் செல்லாது. உங்களுக்கு ஐ.டி.ஆர்.-2தான். தேயிலை வருமானத்தையும் அதில் விவசாய வருமானம் என்ற இடத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ‘எழுதினால் வரி வரும்’ என்று பயப்படுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். உங்கள் வட்டி வரம்புக்குள் இருக்கும்வரை வராது.

2025-26 நிதியாண்டிலிருந்து பிடித்தம் தொடங்கும் வரம்பு 50,000 ஆகியிருக்கிறது. உங்கள் வட்டி அதையும் தாண்டுகிறது. அதனால் உடனே வங்கிக்குப் போய், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று 2025-26க்கான 15ஜி படிவம் எழுதிக்கொடுங்கள். 60 வயதானவர்களுக்குத்தான் 15எச், உங்களுக்கு 15ஜி. அதற்குள் ஒன்றிரண்டு தவணையில் பிடித்திருந்தால், அதை அடுத்த வருடத் தாக்கலில் வாங்கிக்கொள்ளலாம். இதை ஒவ்வொரு ஏப்ரலும் புதிதாகக் கொடுக்க வேண்டும், ஒருமுறை கொடுத்தது அடுத்த வருடத்துக்குச் செல்லாது.

தாக்கலுக்கு வேண்டியது பான் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், இலை போட்ட தொழிற்சாலையின் பணப்பட்டுவாடாச் சீட்டு. பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா, வங்கிக் கணக்கு வருமான வரித் தளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்று மகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் அங்கேதான். 26ஏஎஸ் அறிக்கையை எடுத்தால் வங்கி பிடித்த தொகை அதில் இருக்கும். 5,600 சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாக்கல் செய்யுங்கள்.

கடைச் சீட்டுகளை இந்தப் பதிலோடு தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலால் வரித் தொகையை எழுதியிருக்கிறேன். பெட்ரோல் சீட்டு மேலே இருக்கிறது. அடுத்த முறை கொழுந்தனார் ஊருக்கு வரும்போது காட்டுங்கள். அவரும் கணக்குத் தெரிந்தவர்தான், கூட்டிப் பார்ப்பார்.